பழைய கடை வாசலில் ஒரு ஸ்டூல்

மார்கழி கடைசியில் எங்கள் பாத்திரக்கடையில் நின்று பேச நேரம் இருக்காது. பொங்கலுக்கு வெண்கலப் பானை எடுப்பவர்கள், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர் வைப்பவர்கள், பரணில் கிடந்த பித்தளைக்கு ஈயம் பூசக் கொண்டுவருபவர்கள் என்று காலை 9 மணிக்கே வாசலில் செருப்பு குவிந்துவிடும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் திறந்தே இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் விழுந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம். பேக்கிங் பார்க்கும் அக்கா தலை நிமிராமலே "என்ன சாமான் தம்பி?" என்பார். சீசனில் அதைக் கேட்டுக் கேட்டே அவருக்குத் தொண்டை கட்டிவிடும்.

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை. முந்தைய இரவு 2 மணி வரை விழித்திருந்து எங்கள் புது வெப்சைட்டை ஏற்றியிருந்தேன். காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். 11 மணி வரை டிங் வரவில்லை.

"சவுண்டை அமுத்தி வெச்சுட்டீங்களா தம்பி?" என்றார் அக்கா.

அப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "நெட்டு போயிருச்சாடா?"

சவுண்டும் இருந்தது, நெட்டும் இருந்தது. அன்று இரவு ஷட்டரை இறக்கும்போது மொத்தம் 3 ஆர்டர். அதில் ஒன்று நானே சோதனைக்குப் போட்டது. 5 மாதம் உழைத்து, கையிருப்பைக் கொட்டி, ஓடிக்கொண்டிருந்த கடையை நானே பூட்டியிருக்கிறேன் என்று எனக்குப் புரிய இன்னும் 3 நாள் பிடித்தது.

*

எங்கள் கடை சேலத்தில் இருக்கிறது. இரும்புத் தோசைக்கல், குழிப்பணியாரச் சட்டி, வெண்கல உருளி, ஈயச் சொம்பு, மாக்கல்லில் கடைந்த கல்சட்டி, இவைதான் வியாபாரம். நான் சென்னையில் 11 வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நான் திரும்புவதற்கு முன்பே, 2015-இல், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்பாவுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தான். வேர்ட்பிரஸ், அதன்மேல் வூகாமர்ஸ். செலவு மொத்தம் சில ஆயிரம் ரூபாய்.

அது பார்க்கச் சகிக்காது. உச்சியில் மஞ்சள் பட்டை. அதில் சிவப்பு எழுத்தில் கடையின் போன் நம்பர் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே விபூதிப் பட்டையோடு அப்பாவின் போட்டோ. போட்டோவுக்குக் கீழே, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது'. ஒவ்வொரு சாமானும் கடையின் சிமெண்ட் தரையில் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில், போனில் எடுத்த படம். படத்தின் ஓரத்தில் தவறாமல் ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரே பொருளின் பெயர் பத்து விதமாகத் தப்பும் தவறுமாக எழுதியிருக்கும்.

ஒரு கல்யாண ரிசப்ஷனில் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த சைட்டைத் திறந்தான். ஓடும் நம்பரைப் பார்த்து, "என்னடா, லோக்கல் சேனல்ல நகைக்கடை விளம்பரம் ஓடுற மாதிரி இருக்கு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் வேறு காரணங்கள் சொன்னேன். பழைய சைட்டில் பாதுகாப்பு இல்லை, பிளகின் எல்லாம் காலாவதி, போனில் பார்த்தால் கார்ட் பக்கம் கோணலாகத் தெரிகிறது, கடையில் விற்றுப்போன உருளியை சைட் இன்னொரு முறை விற்கிறது என்றேன். எல்லாமே உண்மையான குறைகள். ஆனால் அவற்றைச் சரிசெய்ய ஒரு மாதமும் ஒரு நல்ல ஆளும் போதும். நான் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கிளம்பியதற்குக் காரணம் அந்தச் சிரிப்பு. இதை இதுவரை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

*

சென்னையில் ஒரு சிறிய டிசைன் குழுவைப் பிடித்தேன். திறமையான பிள்ளைகள். இதில் அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. முதல் சந்திப்பிலேயே சரியான கேள்வியைக் கேட்டார்கள்: "உங்க கஸ்டமர் யார் சார்?" நான் யோசிக்கக்கூட இல்லை. "25-லிருந்து 40 வயசு, சிட்டியில இருக்கிற பெண்கள், ஆரோக்கியத்துல அக்கறை உள்ளவங்க" என்றேன். இதை எங்கிருந்து எடுத்தேன்? எங்கேயோ படித்த விளம்பர வாசகத்திலிருந்து. 6 வருட ஆர்டர் கணக்கு என் லேப்டாப்பிலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்கவில்லை. மாதிரிக்கு மூன்று வெளிநாட்டுக் கடைகளின் சைட்டைக் காட்டி, "இப்படி வேணும்" என்றேன். கேட்டதைச் செய்து கொடுத்தார்கள்.

கறுப்புக் கிரானைட்டின்மேல் சாமான்களை வைத்து, ஒரு பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, ஆவி பறக்கப் போட்டோ எடுத்தோம். கல்சட்டி சிலை மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழத்துக்கு அங்கே இடமில்லை. 'நாலு பேருக்குக் குழம்பு வைக்கலாம்' என்பதை எடுத்துவிட்டு '1.5 லிட்டர்' என்று போட்டோம். அடியில் இருந்த எழுத்துப்பிழைப் பட்டியலை நானே அழித்தேன். வாங்குகிறவர் முதலில் கணக்குத் தொடங்கி, ஓடிபி போட்டு உள்ளே வரவேண்டும் என்று வைத்தோம். 'கல்சட்டியைப் பழக்குவது எப்படி' என்று ஒரு பழைய பக்கம் இருந்தது. படமே இல்லாமல் பத்தி பத்தியாக எழுத்து. புது சைட்டில் அது பொருந்தாது என்று விட்டுவிட்டோம்.

எல்லாம் முடிந்ததும் அப்பாவிடம் என் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. போன் நம்பர் எங்கடா?"

"காண்டாக்ட் பக்கத்துல இருக்குப்பா."

"அது எங்க இருக்கு?"

"மேல மூணு கோடு இருக்கு பாருங்க. அதை அமுத்தினா வரும்."

அந்த மூன்று கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். அப்பா எதையும் இரண்டாம் முறை சொல்கிறவர் இல்லை.

பொங்கல் சீசனுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். வருடத்தின் பெரிய வியாபாரம் நடக்கும் நாட்களில் கடையைக் காலி செய்து வெள்ளையடிக்கும் கடைக்காரனைச் சேலத்துக் கடைவீதி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. நான் அதைச் செய்தேன்.

*

மூன்றாம் நாள் மதியம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். 60 வயதுக்கு மேல் இருக்கும். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஒரு கல்சட்டி அனுப்ப வேண்டுமாம். வழக்கமாகப் போனிலேயே வாங்கிவிடுவாராம், இந்த முறை முடியவில்லையாம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்த வேலையோடு நேரில் கேட்டுவிடலாம் என்று வந்தாராம்.

எனக்குள் இருந்த சாஃப்ட்வேர்காரன் எழுந்துகொண்டான். "ஒண்ணும் இல்லைம்மா, புது சைட். இப்படி உட்காருங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றேன். பிறகு என்ன தோன்றியதோ, "நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க வழக்கமா எப்படி வாங்குவீங்களோ அப்படியே வாங்குங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று மாற்றிக்கொண்டேன். அந்த 5 மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் எங்கள் சைட்டின் பெயரைத் தட்டவே இல்லை. கூகுளைத் திறந்து, மைக் படத்தை அமுக்கி, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "கல்சட்டி பழக்குறது எப்படி" என்றார். வந்த பட்டியலில் மேலே எங்கள் பக்கம். அதைத் தொட்டார். திரை வெள்ளையாக நின்றது. காத்திருந்தார். பிறகு, உடைந்த பானை ஒன்றின் அழகான கோட்டுச் சித்திரமும், நீங்கள் தேடும் பக்கம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் வந்தன.

என்னை நிமிர்ந்து பார்த்து, "இதான் வருது தம்பி. சரி, கடையை மூடிட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

அவர் அதைச் சொன்னபோது எங்கள் கடைக்குள் உட்கார்ந்திருந்தார். பின்னால் அக்கா டேப் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா அதைத் தேடுறீங்க? உங்களுக்குப் பழக்கத் தெரியுமே?"

"எனக்குத் தெரியும். பொண்ணுக்கு அனுப்பணும்ல? அந்தப் பக்கத்தைத்தான் அவளுக்கு அனுப்புவேன். அப்படியே அடியில சட்டி இருக்கும், அதைத் தொட்டு வாங்கிடுவேன்."

புதுக் கல்சட்டியை வாங்கியதும் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். கழுவித் துடைத்து, எண்ணெயும் மஞ்சளும் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஊறவைக்க வேண்டும். பிறகு சில நாள் சுடச்சுட வடிகஞ்சியை ஊற்றி ஆறவிட வேண்டும். முதல் முறை அடுப்பில் வைக்கும்போது தீ சிறிதாக இருக்க வேண்டும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. இவ்வளவும் தெரியாதவர்கள் கல்சட்டி வாங்கப் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைப் போக்குகிற பக்கம் அது. அப்பா சொல்லச் சொல்ல அந்தச் சொந்தக்காரப் பையன் 2016-இல் தட்டியது. போனில் கேட்ட ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கீழே ஒரு பத்தி கூடிக்கொண்டே வந்திருக்கிறது. விளக்கெண்ணெய் தடவலாமா, குக்கரில் சாதம் வைக்கிறவர்கள் கஞ்சிக்கு எங்கே போவது, இன்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா என்று. அதனால்தான் அது பத்தி பத்தியாக இருந்தது.

அன்று இரவு கூகுளின் சர்ச் கன்சோலை முதன்முறையாக ஒழுங்காகத் திறந்தேன். எதைத் தேடி எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற கடந்த 16 மாதக் கணக்கை அது வைத்திருக்கும். எங்கள் சைட்டுக்கு வந்தவர்களில் முகப்புப் பக்கம் வழியாக வந்தவர்கள் சொற்பம். நான் ஆவி பறக்க அலங்கரித்த முகப்பு. பெரும் கூட்டம் வந்தது பழக்கும் பக்கத்தின் வழியாக. அடுத்து, எழுத்துப்பிழைகள் வழியாக. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களுக்குக் 'கல்சட்டி' ஒரே சொல் இல்லை. ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் பிரித்து. ஒருவர் 'ச'வுக்கு எஸ் போடுவார், இன்னொருவர் சிஎச். ஒருவருக்கு ஒரு டி, ஒருவருக்கு இரண்டு. நான் குப்பை என்று அழித்த பட்டியலில் அத்தனை பேரும் இருந்தார்கள்.

*

எங்கள் பக்கங்களின் முகவரி முழுக்க மாறியிருந்தது. பழைய முகவரிக்கு வருகிறவரிடம், 'இந்தப் பக்கம் நிரந்தரமாக இந்த இடத்துக்கு மாறிவிட்டது' என்று சர்வர் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தப் பதிலுக்கு 301 என்று எண். தற்காலிக மாற்றம் என்றால் 302. எதுவும் சொல்லாமல் விட்டால் 404, அதாவது அப்படி ஒன்று இல்லை. 301 கொடுத்தால்தான் பழைய பக்கத்துக்குக் கூகுளிடம் இருந்த மதிப்பும் புதுப் பக்கத்துக்குப் போகும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. செய்ய வேண்டியவை பட்டியலில் 43-ஆவதாக எழுதியும் வைத்திருந்தேன். ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

பயத்தில் அடுத்த தப்பையும் செய்தேன். பழைய முகவரிகள் எல்லாவற்றையும் மொத்தமாகப் புது முகப்புக்குத் திருப்பிவிட்டேன். வடிகஞ்சி பற்றிக் கேட்டு வருகிறவரைக் கிரானைட் போட்டோ முன் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? திரும்பிப் போவார். சம்பந்தமில்லாத இடத்துக்குத் திருப்பினால் கூகுளும் அதை 404 போலவேதான் எடுத்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பழைய அட்ரஸுக்கு வர்றவங்களுக்குப் புது அட்ரஸ் சொல்ல ஆள் போடலைப்பா" என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டார். 1994-இல் கட்டடத்தை இடிப்பதற்காக எங்கள் கடையை அடுத்த தெருவுக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய வாசலில் அட்டை மாட்டினார்கள். அதோடு, ஒரு ஸ்டூல் போட்டு ஒரு பையனை உட்கார வைத்தார் அப்பா. வருகிறவர்களிடம் கடை மாறியதைச் சொல்வது, வயதானவர் என்றால் கூடவே நடந்து கொண்டுவந்து விடுவது, அவ்வளவுதான் அவன் வேலை. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அந்த ஸ்டூல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமைகளில் அவனோடு உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றிருக்கிறேன்.

"எத்தனை நாள்ப்பா வெச்சிருந்தீங்க அவனை?"

"ஒரு வருஷம். தீபாவளிக்கு மட்டும் வர்றவங்க இருக்காங்க, ஆடியில மட்டும் வர்றவங்க இருக்காங்க. எல்லாரும் ஒரு சுத்து வந்து போகணும்ல?"

இந்த வழிமாற்றங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்றுதான் கூகுளும் சொல்கிறது.

*

பழக்கும் பக்கத்தை எங்களிடம் தேடினால் இல்லை. பழைய சர்வரை மாதக் கடைசியோடு காலி செய்திருந்தோம். நான் எடுத்து வைத்த பேக்கப்பில் பொருட்களும் ஆர்டர்களும் இருந்தன, இந்தப் பக்கம் இல்லை. கடைசியில் அது கிடைத்த இடம் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். உலகத்தின் வெப்சைட்டுகளை 1996 முதல் நகல் எடுத்துச் சேர்த்து வைக்கும் அமைப்பு அது. நாங்கள் யாரும் கேட்காமலே எங்கள் மஞ்சள் பட்டையையும் 2019-இல் ஒருமுறை வந்து எடுத்து வைத்திருந்தது. என் அப்பாவின் வார்த்தைகளை முன்பின் தெரியாத ஒரு நூலகத்திலிருந்து நகல் எடுத்து, எங்கள் கடையில் திரும்ப ஒட்டினேன்.

பிறகு நானும் அக்காவின் மகனும் உட்கார்ந்து பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் புது இடத்தோடு கோத்தோம். உருளிக்கு உருளி, தோசைக்கல்லுக்குத் தோசைக்கல். இப்போது விற்காத சாமானுக்கு அதற்கு நெருங்கிய சாமான். அதற்கே 8 நாள் ஆனது. பொங்கல் அதற்குள் வந்து போய்விட்டது.

அந்த இரவுகளில் என்னைப் போல் அடிபட்டவர்களைத் தேடிப் படித்தேன். ஆறுதலுக்குத்தான். பிரிட்டனின் பழம்பெரும் கடையான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், 15 கோடி பவுண்டு செலவழித்து 2014 பிப்ரவரியில் புது சைட்டைத் திறந்திருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கானவர்களையும் மறுபடி பதிவு செய்யச் சொன்னார்கள். அடுத்த காலாண்டில் ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. அதைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் ஓடிபி கதவைப் பார்த்தேன். கல்சட்டி ஒருவர் வாழ்நாளில் எத்தனை வாங்குவார்? ஒன்று, மிஞ்சினால் மூன்று. அவருக்கு எதற்கு எங்கள் கடையில் கணக்கு?

வெப்சைட் பயன்பாட்டை ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்றும் கிடைத்தது. பெயர் சொல்லாத ஒரு பெரிய கடை. பணம் கட்டும் முன் 'பதிவு செய்க' என்று ஒரு பட்டன். அதை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்று போட்டு, வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது, முதல் வருடத்தில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை என்று எழுதியிருக்கிறார். அவர்கள் அந்த மாற்றத்துக்கு வந்ததும் வாங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான்.

படங்களின் கதையும் பழைய கதைதான். லண்டனிலிருந்து நடந்த பூ டாட் காம் என்ற துணிக்கடை 1999 நவம்பரில் பெரும் ஆர்ப்பாட்டத்தோடு திறந்து 2000 மே மாதமே மூடிவிட்டது. அன்றைய டயல்-அப் மோடத்தில் அதன் பக்கங்கள் இறங்கவே இறங்காது. எங்கள் கிரானைட் போட்டோ ஒவ்வொன்றும் 4 எம்பி. எனக்கு வீட்டில் ஃபைபர் இணைப்பு, சட்டென்று வந்துவிடும். அந்த அம்மாவின் போனில் திரை ஏன் வெள்ளையாக நின்றது என்பது அப்போதுதான் உறைத்தது.

*

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். முதல் வாரம் போன் நம்பர் மேலே வந்தது. அன்று மாலையே கடைப் போன் அடித்தது. அப்பா எடுத்தார். மறுமுனையில் பேசியவர் என்ன கேட்டாரோ, "இல்லைங்க, கடை இருக்கு, இருக்கு. பையன் கொஞ்சம் பெயின்ட் அடிச்சான்" என்றார்.

இரண்டாம் வாரம் ஓடிபி கதவைக் கழற்றினேன். மூன்றாம் வாரம் படங்களைச் சுருக்கினேன். நான்காம் வாரம் எலுமிச்சம்பழம். புதுப் படங்களைப் பார்த்து வாங்கியவர்களில் சிலர், "போட்டோல அண்டா மாதிரி இருந்துச்சு, வந்து பார்த்தா கிண்ணம்" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். உடையும் பொருளுக்கு ரிட்டர்ன் என்றால் இரண்டு பக்கக் கூரியர் செலவோடு பாதிச் சட்டி தூளாகத்தான் வரும். 1.5 லிட்டர் என்பது எவ்வளவு என்று யாருக்கும் கண்ணில் நிற்பதில்லை. எலுமிச்சம்பழம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அதை முதலில் படத்துக்குள் வைத்தது யார் என்று விசாரித்தேன். அக்காதான். "போன்ல எல்லாரும் அதானே கேப்பாங்க, எம்புட்டுப் பெருசுன்னு" என்றார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் 5 பேரைப் பிடித்து உட்கார வைத்து, வாங்கச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். 5 பேர் போதும் என்று வெப்சைட் பயன்பாட்டு ஆராய்ச்சியாளர் யாக்கோப் நீல்சன் 2000-இலேயே எழுதிவிட்டார். பெரிய குறைகளில் பெரும்பாலானவை முதல் சிலரிடமே தெரிந்துவிடும். என் 5 பேர்: கூரியர் எடுக்க வரும் பையன், எதிர்க்கடை மளிகைக்காரரின் மனைவி, என் மாமியார், அக்கா, பிறகு ஈயம் பூசக் காத்திருந்த யாரோ ஒருவர். வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கடினம். ஒருவர் சரியான பட்டனைத் தாண்டித் தாண்டிப் போகும்போது, அது அங்கே இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க, கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

பழையது எல்லாமே சரி என்று சொல்ல வரவில்லை. நம்பர் ஓடத் தேவையில்லை, நின்றால் போதும். மஞ்சள் பட்டை நிற்கிறது. கடையிலும் சைட்டிலும் ஸ்டாக் கணக்கு இப்போது ஒன்று, விற்றதை மறுபடி விற்பதில்லை. கார்ட் பக்கம் போனில் நேராகத் தெரிகிறது. இடிக்காமலே இதையெல்லாம் செய்திருக்கலாம் என்பதுதான் உறுத்துகிறது. பழைய சைட்டில் அசிங்கமாகத் தெரிந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எங்களைக் கேட்ட கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில். கேட்டவர் யார் என்று விசாரிக்காமல் பதிலை மட்டும் அழித்தேன்.

தேடுதலில் எங்கள் பக்கம் பழைய இடத்துக்கு வர ஆடி மாதம் ஆகிவிட்டது. அந்தப் பொங்கலுக்கு வாங்கி அடுக்கிய வெண்கலப் பானைகள் அடுத்த தை வரை குடோனில் இருந்தன. கும்பகோணத்து வியாபாரிக்கு நாங்கள் முதன்முறையாகத் தவணை கேட்டோம். போனில் பேசியது அப்பா. நான் பக்கத்தில் நின்றேன். கடையை மூடிவிட்டதாக நினைத்து வேறு கடைக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று கணக்கு எடுக்க வழியில்லை. வராதவர்கள் எந்தக் கணக்கிலும் விழுவதில்லை.

*

போன மாதம் அக்காவின் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு எங்களிடமே வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாம் நாளே லேப்டாப்போடு வந்தான்.

"மாமா, எல்லாம் ஓகே. இந்த மஞ்சள் பட்டை மட்டும் கொஞ்சம் பழசா இருக்கு. எடுத்துடலாமா?"

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடைப் போனை அவன் கையில் கொடுத்தேன். "ஒரு வாரம் நீதான் எடுக்கணும். யார் கூப்பிட்டாலும், எதுக்குக் கூப்பிட்டாலும்."

முதல் நாள் முகம் சுளித்துக்கொண்டே பேசினான். இரண்டாம் நாள் ஒரு நோட்டு வாங்கி வந்தான். மூன்றாம் நாள் திருநெல்வேலியிலிருந்து ஒரு தாத்தா அரைமணி நேரம் பேசினார். தோசைக்கல்லில் தொடங்கி அவர் மனைவியின் முழங்கால் வலி வரை போனது. கடைசியில் இரண்டு தோசைக்கல்லுக்கு ஆர்டர் சொல்லிவிட்டு, "நம்பர் எழுத்து பொடிசா இருக்கு தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லித்தான் போட்டேன்" என்றாராம்.

சனிக்கிழமை மாலை, கடை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், நோட்டை மூடிவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, அந்தப் பட்டை..."

"என்னடா?"

"இன்னும் கொஞ்சம் அகலம் பண்ணலாமா?"